பத்துப் புள்ளி முகம்

சின்னக்கானல்
8.7.2025

அன்புத் தம்பி சுடலைமணிக்கு அக்கா பூமாரி எழுதுவது. நீயும் ஆர்த்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். என் நலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நீயே வந்து பார்த்துவிட்டுத்தானே போனாய்.

நீ பஸ் ஏறிய மறுநாளோடு தேடுவதை நிறுத்திவிட்டார்கள். மண்சரிவில் போன ஜீப்பை மட்டும் ஓடையிலிருந்து இழுத்து ரோட்டோரம் போட்டிருக்கிறார்கள். ஓட்டிப்போன உன் மச்சானும் கிடைக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து போன காளிச்சாமியும் கிடைக்கவில்லை. மழை விடட்டும், பிறகு தோண்டலாம் என்கிறார்கள். காளிச்சாமி பெண்டாட்டி வேலுத்தாயும் நானும் எஸ்டேட் லயத்து வீடுகளில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறோம்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். அங்கன்வாடி ஆன்மேரி டீச்சர் போனில் ஒரு படம் வந்திருக்கிறது. மண் சரிந்த மறுநாள் காலையில் போடிமெட்டில் வண்டிகள் தேங்கி நின்றதை டூர் வந்தவர்கள் யாரோ எடுத்தது. கூட்டத்துக்குப் பின்னால் கல்லில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். மெரூன் ஸ்வெட்டர், தலையில் துண்டு. எஸ்டேட்டில் கொடுத்த ஸ்வெட்டர்தான் அது. என் கையால் துவைத்துத் துவைத்துக் கழுத்து தொங்கிப்போன ஸ்வெட்டர். உன் மச்சான்தான் தம்பி, எனக்குச் சந்தேகமே இல்லை. வேலுத்தாயும் பார்த்தாள். தன் வீட்டுக்காரருக்கும் அதே ஸ்வெட்டர் கொடுத்தார்களே என்று மெதுவாகச் சொன்னாள். அவளுக்கும் ஆசை இருக்காதா.

முகம்தான் தெரியவில்லை. விரித்துப் பார்த்தால் கட்டம் கட்டமாகிவிடுகிறது. போலீஸ் ஸ்டேஷனில் காட்டினேன், இதை வைத்து என்ன செய்வது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். டீச்சர் பூப்பாறைக்குப் போய் உன் நம்பருக்கு அனுப்புவார். டவர் விழுந்ததிலிருந்து இங்கே ரேஞ்சு கிடையாது. என் போனோ உன் மச்சான் சட்டைப்பையோடு போய்விட்டது. அதனால் கடிதமாகவே எழுது.

பதினெட்டாம் தேதி இரண்டு பேருக்கும் சேர்த்துக் காரியம் செய்துவிட வேண்டும் என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். அதற்குள் இந்த ஒரு முகத்தை எனக்குத் தெளிவாக்கிக் கொடு.

உன் அக்கா
பூமாரி


பாலக்காடு
11.7.2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி சுடலைமணி வணக்கம். சாப்பிட்டாயா என்று கேட்டால் திட்டுவாய், இருந்தாலும் கேட்கிறேன். ஆர்த்தி உனக்காகக் கோயிலில் நேர்ந்துகொண்டிருக்கிறாள்.

படம் வந்தது. ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். உனக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன். போட்டோ என்றால் வெறும் புள்ளிகள். கேமரா எடுக்கும்போது கோடிக்கணக்கில் புள்ளி இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இடம் மிச்சம் பிடிக்க அது பாதிக்குமேல் கழித்துவிடும். இந்தப் படத்தை ஒருவர் ஸ்டேட்டஸில் போட்டு, அதை இன்னொருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதையும் வேறொருவர் வெட்டி அனுப்பியிருக்கிறார். ஒரே தேயிலையில் நாலு தடவை தண்ணீர் ஊற்றின கதை. அந்த ஆளின் முகம் அகலத்துக்குப் பத்துப் புள்ளிதான் மிஞ்சியிருக்கிறது. கண், மூக்கு, மீசை எல்லாம் அந்தப் பத்துக்குள்தான். பெரிதாக்கினால் புள்ளி பெரிதாகும், இல்லாத முகம் எங்கிருந்து வரும்? முதலாளி பரீது பாயும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

ஒரே வழிதான் உண்டு. முதன்முதலில் எடுத்தவரிடம் அந்தப் படம் முழுசாக இருக்கும். யார் என்று டீச்சரை விசாரிக்கச் சொல். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், கேமராவில் எடுத்திருந்தால் அதில் இருக்கிற மெமரி கார்டையே தபாலில் அனுப்பச் சொல். அதுவரை மனதைத் தளரவிடாதே.

தம்பி
சுடலைமணி


சின்னக்கானல்
14.7.2025

தம்பிக்கு, நலம் விசாரிக்க நேரமில்லை, கோபித்துக்கொள்ளாதே.

உன் புள்ளிக் கணக்கை வேலுத்தாய்க்கும் படித்துக் காட்டினேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் ஏறவில்லை. சட்டையே போடாமல் மண்வெட்டி பிடித்த நம் அப்பாவுக்கு, செத்த பிறகு கோட்டும் டையும் மாட்டிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தவன் நீ. ரேஷன் கார்டில் இருந்த அரை விரல் முகத்தை வைத்துத்தானே செய்தாய்? அப்பாவுக்கு முடிந்தது இவருக்கு முடியாதா?

படம் எடுத்தது டின்சி என்று கோட்டயத்துப் பெண்ணாம். தங்கிய ரிசார்ட்டில் டீச்சர் முகவரி வாங்கியிருக்கிறார், பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் அவள் எப்போது தேடி, எப்போது அனுப்ப? பதினெட்டாம் தேதிக்கு ஆள் சொல்லிவிட்டார்கள். வேலுத்தாய் நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அது யாருன்னு தெரிஞ்சுட்டா ஒருத்தியாவது பொழச்சுக்கிடுவோம் பூமாரி."

தாலியோடு இருப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருக்கிறேன். எதையாவது செய். உன்னை விட்டால் எனக்கு யாருமில்லை.

பூமாரி


பாலக்காடு
16.7.2025

அக்காவுக்கு,

இத்துடன் படம் வைத்திருக்கிறேன். பதினெட்டுக்குள் கிடைக்க வேண்டுமே என்று மூணாறு பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். என்னால் முடிந்ததைச் செய்தேன். எப்படிச் செய்தேன் என்று எழுதினால் உனக்குப் புரியாது. மச்சான் மாதிரித்தான் இருக்கிறது.

டின்சிக்கும் எழுதிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

சுடலைமணி


சின்னக்கானல்
21.7.2025

என் தங்கத் தம்பிக்கு அக்காவின் ஆயிரம் ஆசி. நீயும் ஆர்த்தியும் குறையில்லாமல் வாழ வேண்டும். நான் இரண்டு நாளாகச் சோறு சாப்பிடுகிறேன்.

கவரைப் பிரித்ததும் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதே மூக்கு, அதே கன்னம், உதட்டோரம் அந்த மச்சம். கல்யாணத்தன்று எப்படி இருந்தாரோ அப்படியே இருக்கிறார். லயத்து ஆட்களின் வாய் அடைத்துப் போனது. முடியாது முடியாது என்று பயமுறுத்தியவன் நீதானே, நேரில் வந்தால் காதைத் திருகுவேன்.

வேலுத்தாய் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "ஒன்னோட ஆளாச்சும் வந்து சேரட்டும்" என்றாள். பதினெட்டாம் தேதி அவள் வீட்டுக்காரருக்கு மட்டும் காரியம் நடந்தது. அவள் தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். நான் பொட்டோடும் பூவோடும் பக்கத்தில் நிற்கக் கூசி வீட்டுக்குள் இருந்துகொண்டேன். எனக்குள் இருந்த சந்தோஷத்தை அவள் பார்த்துவிடக் கூடாதே என்றுதான்.

இதே படம் இருபது வேண்டும். போடிமெட்டிலிருந்து இறங்கினால் போடி, அங்கிருந்து தேனி. எங்கோ பயந்துபோய் இருக்கிறார். ஜீப் போனதற்குத் தன்னைப் பிடிப்பார்கள் என்று ஒளிந்திருக்கலாம். தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. நான் போய்க் கூட்டி வருவேன்.

பூமாரி


பாலக்காடு
29.7.2025

அன்புள்ள அக்காவுக்கு, இங்கு இருவரும் சுகம். நீ சாப்பிடுகிறாய் என்பதைப் படித்து ஆர்த்தி சந்தோஷப்பட்டாள்.

இருபது பிரதி அனுப்பியிருக்கிறேன். ஆனால் ஒரு வார்த்தை. இந்தப் படத்தை மட்டுமே நம்பி வேலையை விட்டுவிட்டு அலையாதே. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுக்காவிட்டால் எஸ்டேட்டில் லயத்தைக் காலி செய்யச் சொல்வார்கள். டின்சியின் கார்டு வரட்டும், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அவர் கார்டைத் தேடி அனுப்புவதாகப் பதில் எழுதியிருக்கிறார்.

காளிச்சாமி அண்ணனுக்குக் காரியம் செய்ததைப் பற்றி எழுதியிருந்தாய். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

சுடலைமணி


சின்னக்கானல்
17.8.2025

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நலமா? ஆர்த்திக்கு இது எத்தனையாவது மாதம், நீ எழுதவே இல்லையே, டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

ஆடி மாதம் முழுக்க அலைந்துவிட்டேன். போடி பஸ் ஸ்டாண்டில் கடை கடையாகக் காட்டினேன். லாரி செட்டுகளில், ஏலக்காய் தரம் பிரிக்கும் இடங்களில், கோயில் வாசல்களில் காட்டினேன். இவ்வளவு லட்சணமான ஆளைப் பார்த்தால் மறப்போமா என்று ஒரு டீக்கடைக்காரர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, உன் மச்சானை லட்சணம் என்று சொன்ன முதல் ஆள் அவர். ஆஸ்பத்திரி ஒன்றிலும் ஏறி இறங்கினேன். நர்ஸம்மா படத்தை வாங்கி நன்றாகப் பார்த்துவிட்டு, இந்த ஆள் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அடிபடவில்லை என்று நிம்மதியாகத் திரும்பினேன். ஒளிந்திருக்கிற ஆளை ஆஸ்பத்திரியில் தேடி என்ன பயன், இனி பஸ் ஸ்டாண்டுகளைத்தான் பார்க்க வேண்டும்.

சூப்பர்வைசர் வந்து கடைசி எச்சரிக்கை சொல்லிவிட்டார். மூன்று வாரமாக நான் கொழுந்து எடுக்கப் போகவில்லை. என் பெயரில் வேலுத்தாய் இரண்டு நாள் போயிருக்கிறாள். வெறும் கழுத்தோடு அவள் கூடையை மாட்டிக்கொண்டு போவதைப் பார்க்க முடியவில்லை தம்பி.

கார்டு வந்துவிட்டதா? அந்தப் படத்தில் அவர் பக்கத்தில் எந்த வண்டி நிற்கிறது, நம்பர் தெரிகிறதா என்று பார்த்துச் சொல். அந்த வண்டியில்தான் ஏறியிருப்பார். எனக்குப் போக இடம் தீர்ந்துகொண்டு வருகிறது.

பூமாரி


சின்னக்கானல்
7.9.2025

தம்பிக்கு, சுகம்தானே? மூன்று வாரமாகப் பதில் இல்லை. ஓணத்துக்காவது எழுதுவாய் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கார்டை அனுப்பிப் பல நாளாகிறது என்று டின்சி சொன்னதாக டீச்சர் சொல்கிறார். வரவில்லையா, வந்து தொலைந்துவிட்டதா? ஒரு வரி போதும். என் மேல் ஏதாவது கோபமா?

பூமாரி


பாலக்காடு
14.9.2025

அன்புள்ள அக்காவுக்கு, தாமதத்துக்கு மன்னித்துவிடு. ஆர்த்திக்குக் காய்ச்சல். ஓண சீசன் வேலை வேறு, தலை தூக்க முடியவில்லை.

கார்டு வந்தது. ஆனால் திறக்க மாட்டேன் என்கிறது. கோயம்புத்தூரில் சரி செய்யக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் எழுதுகிறேன். நீ அலையாமல் வேலைக்குப் போ.

சுடலைமணி


பாலக்காடு
6.10.2025

அக்காவுக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

உள்ளே ஒரு படம் வைத்திருக்கிறேன். பார்ப்பதற்கு முன்னால் உட்கார்ந்துகொள். அது டின்சியின் கார்டில் இருந்தபடியே போட்டது, நான் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. கல்லில் உட்கார்ந்திருப்பது மச்சான் இல்லை. காளிச்சாமி அண்ணன். இடது புருவத்தில் அந்தப் பழைய வெட்டுத் தழும்பு தெளிவாகத் தெரிகிறது. அந்த லயத்தில் வளர்ந்தவன் நான், அந்த முகம் எனக்குத் தெரியாதா.

முதலில் அனுப்பிய படத்தை நான் எப்படிச் செய்தேன் என்று இப்போது சொல்லியாக வேண்டும். எங்கள் கடையில் இறந்தவர் படம் செய்ய வருகிறவர்களிடம், தெளிவான வேறு போட்டோ இருந்தால் கொடுங்கள் என்று கேட்போம். மங்கலான முகத்துக்கு அதிலிருந்து எடுத்துப் போட்டுவிடுவோம். இப்போது அதற்குக் கம்ப்யூட்டரே இருக்கிறது. இல்லாத புள்ளியை அது ஊகித்துப் போடும். யார் முகம் என்று நாம் காட்டுகிறோமோ அந்த முகத்தையே வரவைக்கும். நீ எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு உன் கல்யாண போட்டோவை அதற்குக் காட்டினேன். அப்பாவுக்குக் கோட்டு மாட்டியதுபோலத்தான் செய்தேன். மச்சான் முகம் வந்தது. காளிச்சாமி அண்ணன் போட்டோவைக் காட்டியிருந்தால் அவர் முகம் வந்திருக்கும். அன்றைக்கே எனக்கு அது தெரியும். நீ பிழைத்தால் போதும், கார்டில் இருப்பதும் மச்சானாகவே இருந்துவிடும் என்று நம்பினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. தலையில் இருப்பது துண்டு இல்லை. அடிபட்டுக் கட்டிய துணி. அதில் இருப்பது ரத்தம். கம்ப்யூட்டர் அதைத் துண்டின் சிவப்புக் கரையாக்கிச் சுத்தம் செய்துவிட்டது. ஒளிந்திருக்கிறார் என்று நீ எழுதினாயே, அவர் ஒளியவில்லை அக்கா, அவரால் நிற்க முடிந்திருக்காது.

கார்டு திறக்கவில்லை என்று எழுதியது பொய். ஆகஸ்டு இருபத்துநாலாம் தேதி வந்தது, வந்த அன்றே திறந்து பார்த்துவிட்டேன். உனக்கு எழுதக் கை வரவில்லை. ஆர்த்தி தினமும் எழுது எழுது என்றாள். மச்சானை இரண்டாம் தடவை நானே மண்ணுக்குள் தள்ளுகிற மாதிரி இருந்தது.

வேலுத்தாயக்காவிடம் நீ சொல்வாயா, நான் சொல்லட்டுமா என்று தெரியவில்லை.

சுடலைமணி


சின்னக்கானல்
19.10.2025

சுடலைமணிக்கு அக்கா பூமாரி எழுதுவது. நாளை தீபாவளி. ஆர்த்தியைத் தனியாக விடாதே, அவளுக்கு நல்லபடியாகப் பிறக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்று ஒரு பகல் முழுக்கப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். கிழித்துவிட்டால் என் புருஷன் இன்னும் கொஞ்ச நாள் எங்கேயாவது இருப்பார். பிறகு வேலுத்தாய் கூடையோடு வந்தாள். எழுந்து போய் அவள் கையில் கொடுத்தேன்.

அவள் அழவில்லை. படத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். நான் கையில் வைத்துக்கொண்டு அலைந்த பழைய படத்தையும் கேட்டு வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே கல், அதே ஸ்வெட்டர், அதே மாதிரி மடங்கிய கால். பிறகு என்னிடம் சொன்னாள்: "எம் புருசன் ஒடம்புல ஒம் புருசன் மொகத்த வச்சுல்ல ஊரு ஊரா காட்டிருக்க."

மறுநாள் அவள் கிளம்பினாள். என்னைக் கூப்பிடவில்லை, நானாகப் பின்னால் போனேன். நேராக ஆஸ்பத்திரிக்கே போனோம். ஆடி மாதம் நான் போன அதே ஆஸ்பத்திரி. அதே நர்ஸம்மா இருந்தார். இந்தப் படத்தைப் பார்த்ததும் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. மண் சரிந்ததற்கு மறுநாள் யாரோ லாரிக்காரர்கள் கொண்டுவந்து சேர்த்தார்களாம். தலையில் அடி, பேச்சு வரவில்லை, பெயர் ஊர் எதுவும் சொல்ல முடியவில்லை. யாராவது உள்ளே வந்தால் மட்டும் தலையைத் திருப்பிப் பார்ப்பாராம். நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு நர்ஸம்மா என்னை உற்றுப் பார்த்தார். "ஆடி மாசம் ஒரு போட்டோ கொண்டாந்தது நீங்கதான? அன்னிக்கு இவரு உள்ளதான் படுத்திருந்தாரு" என்றார்.

செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி இறந்திருக்கிறார். யாரும் தேடி வராததால் அவர்களே அடக்கம் செய்துவிட்டார்கள். இடத்தைக் காட்டினார்கள். வேலுத்தாய் அந்த மண்மேல் கையை வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். நான் தூக்கப் போனேன், என் கையைத் தட்டிவிட்டாள்.

திரும்பி வந்து என் தாலியை நானே கழற்றிவைத்தேன். யாரையும் கூப்பிடவில்லை. உன் மச்சான் முதல் நாளே போய்விட்டார், அதை இத்தனை மாதமாக நான்தான் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்காகத்தான் செய்தாய், நான்தான் எதையாவது செய் என்று எழுதினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது.

ஆனால் கார்டு வந்தது ஆகஸ்டு இருபத்துநாலு. திறக்கவில்லை என்று நீ எழுதிய கடிதம் என் கைக்கு வந்தது செப்டம்பர் பதினேழு, புரட்டாசி முதல் தேதி, அதனால் நினைவிருக்கிறது. அன்றைக்கும் காளிச்சாமி உயிரோடு வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

இது வேலுத்தாய்க்குத் தெரியாது. நேற்று ராத்திரிச் சோறு கொண்டுபோய் வைத்தபோது, திரும்பி வந்த பிறகு முதல்முறையாக என்னிடம் பேசினாள். இந்த நல்ல படம் உன் தம்பிக்கு எப்போ கிடைத்தது என்று கேட்டாள். நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் வெளியே வந்துவிட்டேன். இன்று காலையிலும் கேட்டாள்.

நீ கடிதம் எழுத வேண்டாம். பஸ் ஏறி வா. வந்து நீயே அவளுக்குச் சொல்.

பூமாரி